துவரம்பருப்பு தங்கமான விந்தை: எக்ஸெல் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாற்றுவோர் கவனத்துக்கு

பெங்களூர் சிக்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் ஒரு காலத்தில் கடை முதலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் நீண்ட பேரேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இன்று அந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பேரேட்டின் வேலையை "எக்ஸெல்" அட்டவணை பார்க்கிறது. விற்பனை, கொள்முதல், சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி, ஊழியர் சம்பளம் எல்லாம் அதில் கட்டம் கட்டமாக ஏறுகின்றன.

இப்போது அதற்கும் மேலே ஒரு படி வந்திருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கர் காகிதத்தில் எடுத்துக் கொடுக்கும் வரை காத்திருக்க முதலாளிகளுக்குப் பொறுமை இல்லை. எந்த ஊருக்கு எந்தச் சரக்கு எவ்வளவு போயிற்று, யாரிடம் பாக்கி நிற்கிறது என்பதைப் படமாகவும் கோடாகவும் செல்போனிலேயே பார்த்துவிட விரும்புகிறார்கள். இதற்கென்றே இருப்பவை "பிஸினஸ் இன்டெலிஜென்ஸ்" மென்பொருள்கள், சுருக்கமாக "பி.ஐ." என்பார்கள். மைக்ரோஸாஃப்டின் பவர் பி.ஐ., டேப்லோ, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ அனலிட்டிக்ஸ் ஆகியவை இந்த ரகத்தைச் சேர்ந்தவை.

எக்ஸெல் கோப்பை இவற்றுக்குள் கொண்டுவருவது பார்வைக்கு மிகச் சுலபமான காரியம். கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டி, ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. சில நிமிடங்களில் வண்ணப் படங்கள் திரையில் வந்து நிற்கும். ஆனால் அந்தப் படங்கள் சொல்லும் தொகை சரிதானா? தவறாகிப்போக ஏகப்பட்ட வழிகள் உண்டு. அவற்றில் பல, தவறு நடந்ததையே வெளியில் காட்டாதவை.

இதற்கெல்லாம் மூல காரணம் ஒன்றுதான். மனிதன் கண்ணுக்குத் தெரிவதைப் படிக்கிறான்; மென்பொருளோ கட்டத்துக்குள் இருப்பதைப் படிக்கிறது. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வெவ்வேறு பரம்பரை

இந்த வேற்றுமை புரிய, இரண்டும் வந்த வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் 1979-ம் ஆண்டில் "விஸிகால்க்" என்ற முதல் மின்கணக்குத் தாளை ஆப்பிள் கம்ப்யூட்டருக்காகக் கொண்டுவந்தார்கள். 1983-ல் "லோட்டஸ் 1-2-3" வந்து சந்தையைப் பிடித்தது. எக்ஸெல் 1985-ல் மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கும், 1987-ல் விண்டோஸுக்கும் வந்தது. இவை எல்லாம் கணக்கர் மேஜையில் இருந்த கட்டம் போட்ட காகிதத்தின் வாரிசுகள். காகிதத்தில் எங்கே வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அந்தச் சுதந்திரம் எக்ஸெலுக்கும் உண்டு.

"பிஸினஸ் இன்டெலிஜென்ஸ்" என்ற சொல் அதைவிடப் பழையது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ம் ஆண்டிலேயே அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதினார். அதே நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் தகவல்களை ஒழுங்கான அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். இன்றைய பி.ஐ. மென்பொருள்கள் எதிர்பார்ப்பது அந்த ஒழுங்கைத்தான். ஒரு வரியில் ஒரே ஒரு நிகழ்ச்சி. ஒரு பத்தியில் ஒரே வகைத் தகவல். மேலே ஒரே ஒரு தலைப்பு வரி. இவ்வளவுதான் அதன் இலக்கணம். இலக்கணம் மீறிய தாளைக் கொடுத்தாலும் அது மறுப்பதில்லை. தனக்குத் தெரிந்தபடி அர்த்தம் பண்ணிக்கொண்டு மேலே போகிறது.

இங்கிலாந்தில் நடந்த விபரீதம்

இது வெறும் கணக்கர் தலைவலி என்று தள்ளிவிட முடியாது. 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவிக்கொண்டிருந்த சமயம். இங்கிலாந்தில் பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய முடிவுகளை, அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு எக்ஸெல் கோப்புகளில் திரட்டியது. அங்கிருந்துதான் அவை மத்தியத் தொகுப்புக்கும், தொற்றுக்கு ஆளானவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பிரிவுக்கும், அரசின் புள்ளிவிவரத் திரைகளுக்கும் போயின.

உபயோகித்த கோப்பு பழைய எக்ஸெல் வகையைச் சேர்ந்தது. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2007-ம் ஆண்டு முதல் வந்த புது வகையில் 10,48,576 வரிகள் கொள்ளும். பழைய வகையில் இடம் தீர்ந்ததும் மிச்ச வரிகள் ஓசைப்படாமல் விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேரவில்லை. தங்களுக்கு நோய் இருக்கிறது என்ற முடிவு அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தாமதமாயிற்று.

கவனிக்க வேண்டிய விஷயம், அந்த நாட்களில் திரையில் படங்கள் வழக்கம்போல் வந்துகொண்டுதான் இருந்தன என்பது. தொகை குறைந்த படமும் பார்வைக்கு முழுப் படமாகத்தான் தெரியும்.

பூஜ்யம் போனால் என்ன போகும்?

இனி நம் ஊர் வியாபாரத்துக்கு வரலாம். யஷ்வந்த்பூர் மார்க்கெட் யார்டில் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கர்நாடகம், தமிழ்நாடு, டில்லி மூன்றுக்கும் சரக்கு அனுப்புகிறார். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு ஒவ்வொரு பில்லிலும் சரக்குக்கான ஹெச்.எஸ்.என். எண்ணைப் போடும் பழக்கம் வந்துவிட்டது. காபிக்கு 0901. துவரம்பருப்பு உள்ளிட்ட பருப்பு வகைகளுக்கு 0713. பாலுக்கு 0401.

முதல் இரண்டு இலக்கங்கள் அந்தச் சரக்கு எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். ஆகவே "அத்தியாய வாரியாக விற்பனையைக் காட்டு" என்று பி.ஐ. மென்பொருளைக் கேட்க, முதல் இரண்டு இலக்கங்களை எடுத்தால் போதும். ஆனால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்ஸெல் மதிப்பதில்லை. சாதாரணக் கட்டத்தில் 0713 என்று அடித்தால், அதை எண் என்று கருதி 713 ஆக்கிவிடும். சிலர் கட்டத்தின் வடிவத்தை மாற்றி, பூஜ்யம் தெரியும்படி செய்து வைப்பார்கள். கண்ணுக்கு 0713 என்று தெரியும். உள்ளே இருப்பது 713-தான். இன்னும் சிலர் ஜாக்கிரதையாக எழுத்து வடிவிலேயே 0713 என்று வைத்திருப்பார்கள். அதையும் "இது எண்போல் இருக்கிறதே" என்று பி.ஐ. மென்பொருள் தானாகவே எண்ணாக மாற்றிப் பூஜ்யத்தைக் கழற்றிவிடக் கூடும்.

விளைவு என்ன? 713-ன் முதல் இரண்டு இலக்கம் 71. அந்த அத்தியாயம் முத்து, ரத்தினம், தங்கம், வெள்ளி ஆகியவற்றுக்கு உரியது. துவரம்பருப்பு மூட்டைகள் தங்கக் கணக்கில் போய் உட்காரும். 901 ஆகிவிட்ட காபி 90-ல் விழும்; அது கண்ணாடி, மருத்துவக் கருவி, அளவைக் கருவிகளின் அத்தியாயம். பால் 40-க்குப் போய் ரப்பர் ஆகிவிடும். பருப்பு தங்கமானால் யாராவது சிரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் எல்லாப் பூஜ்யமும் இப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. டில்லியின் மாநிலக் குறியீடு 07. விற்பனைத் தாளில் அது 7 என்றும், மாநிலப் பட்டியலில் எழுத்து வடிவில் 07 என்றும் இருந்தால், இரண்டையும் அப்படியே இணைக்க முடியாது; இணைத்துத் திரட்டும் கணக்கில் டில்லி விற்பனை பெயரில்லாமல் தனியே நிற்கும். கர்நாடகத்தின் 29-க்கும் தமிழ்நாட்டின் 33-க்கும் இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே டில்லி மட்டும் ஏன் நஷ்டத்தில் இருக்கிறது என்று முதலாளி மூளையைக் குழப்பிக்கொள்வார்.

நீண்ட எண்களிலும் இதே கதிதான். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்க எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். கூட்டவோ கழிக்கவோ அவசியமில்லாத எண் எதுவானாலும் அதை எழுத்தாகவே வைத்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

சிதறிப்போன ஏப்ரல் மாதம்

அடுத்த ஆபத்து தேதி. எக்ஸெல் தேதியை ஓர் எண்ணாகத்தான் சேமிக்கிறது. 1900 ஜனவரி 1-ந் தேதி அதற்கு 1. 2024 ஜனவரி 1-ந் தேதி 45292. இடையில் 1900-ம் ஆண்டை லீப் வருஷம் என்று தவறாகவே எண்ணி வருகிறது. லோட்டஸ் 1-2-3-ல் இருந்த பிசகை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக அப்படியே ஏற்றுக்கொண்டதன் விளைவு அது.

இந்தியாவில் நாள், மாதம், வருஷம் என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். 03/04/2025 என்றால் இங்கே ஏப்ரல் 3; அங்கே மார்ச் 4. எழுத்து வடிவில் வந்த தேதிகளை அமெரிக்க முறையில் அமைத்திருக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஏப்ரல் 1-ந் தேதி விற்பனை ஜனவரி 4-க்குப் போகும். ஏப்ரல் 2-ன் விற்பனை பிப்ரவரி 4-க்கு. இப்படியே ஏப்ரல் 12-ன் விற்பனை டிசம்பர் 4-ல் போய் நிற்கும். 4-ந் தேதி ஒன்றுதான் தன் இடத்தில் இருக்கும். 13 முதல் 30 வரையிலான நாட்களுக்கு அப்படி ஒரு மாதமே இல்லை என்பதால் அவை பிழையாகி, தேதியில்லாத வெற்றுக் கட்டங்களாகிவிடும். முப்பது நாளில் 1 நாள் சரி. 11 நாள் வேறு மாதங்களில் சிதறல். 18 நாள் காணோம்.

இதோடு நிதியாண்டுச் சங்கடமும் உண்டு. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பி.ஐ. மென்பொருளிடம் தனியாகச் சொல்லாவிட்டால் ஜனவரி முதல் மார்ச் வரையே முதல் காலாண்டு என்று அது எடுத்துக்கொள்ளும். தேதியை 2025-04-03 என்ற வரிசையில், வருஷம் முதலில் வரும்படி எழுதுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். நிதியாண்டுக்கு ஒரு தனிப் பத்தியே வைத்துக்கொள்ளலாம்.

தேதித் தொல்லை விஞ்ஞானிகளையும் விடவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக்கிக்கொண்டே இருந்தது. எக்ஸெல் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவே விட்டுக்கொடுத்து, 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரை மாற்றியது. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதி எக்ஸெலுக்கு வந்தது 2023-ல்தான்.

கண்ணுக்கு அழகு, கணக்குக்குத் தொல்லை

நல்ல கணக்கர் தாளை அழகாக வைத்திருப்பார். மாதம் முடிந்ததும் ஒரு மொத்தம். வருஷக் கடைசியில் ஒரு பெரிய மொத்தம். மனிதர் படிக்க இது சௌகரியம். பி.ஐ. மென்பொருளுக்கோ மொத்த வரியும் இன்னொரு விற்பனை வரிதான். பில்கள் 40 லட்சம். மாத மொத்தங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 40 லட்சம். வருஷ மொத்தம் மற்றொரு 40 லட்சம். திரையில் 1 கோடியே 20 லட்சம் வந்து நிற்கும்.

"என்னப்பா இது, வியாபாரம் மூணு மடங்கு ஆயிடுச்சா?" என்று முதலாளி கேட்டால், "இல்லீங்க முதலாளி, மொத்தத்தையும் சேர்த்துக் கூட்டியிருக்கு" என்று உடனே சொல்லக் கணக்கருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மடங்கு என்றால் சந்தேகம் வரும். ஒரே ஒரு கிளையின் மொத்த வரி மட்டும் தப்பி உள்ளே வந்து, தொகை பத்து சதவீதம் கூடினால் சந்தோஷம்தான் வரும்!

ஊர்ப் பெயரை ஒரு தரம் எழுதி, அதன் கீழ் பத்துக் கடைகளுக்கும் சேர்த்துக் கட்டங்களை ஒன்றாக இணைப்பது இன்னொரு வழக்கம். இணைத்த கட்டத்தில் முதல் வரிக்குத்தான் பெயர் உண்டு. மற்ற ஒன்பது கடைகளும் ஊரில்லாத கடைகளாக உள்ளே போகும். பவர் பி.ஐ.யின் பவர் குவெரி பகுதியில் "ஃபில் டவுன்" என்ற கட்டளை மேலிருக்கும் பெயரைக் கீழே நிரப்பித் தரும்.

ஏப்ரல், மே, ஜூன் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பத்தி போடுவதும் அப்படியே. 200 கடைகளுக்கு அப்படிப் போட்ட தாளைக் கடை, மாதம், தொகை என்ற மூன்று பத்திகளாக மாற்றினால் 2,400 வரி வரும். தாள் நீளமாகும், ஆனால் மென்பொருளுக்கு அதுதான் புரியும் பாஷை. இந்தக் காரியத்தைச் செய்யும் கட்டளைக்கு "அன்பிவட்" என்று பெயர்.

எல்லாவற்றிலும் மோசமானது வண்ணம். பணம் வந்த பில்லுக்குப் பச்சை, வராததற்குச் சிவப்பு என்று கட்டங்களுக்கு வண்ணம் பூசும் பழக்கம் பல காரியாலயங்களில் உண்டு. பச்சை என்றால் என்ன என்பது தாளில் எங்கும் எழுதியிருக்காது. கணக்கர் மனத்தில்தான் இருக்கும். பி.ஐ. மென்பொருள் வழக்கமான முறையில் உள்ளே இழுக்கும்போது வண்ணம் வருவதில்லை. பச்சையும் சிவப்பும் ஒரே பாக்கிப் பட்டியலில் சேர்ந்துவிடும். பட்டியலை நம்பி, ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பழைய வாடிக்கைக்காரரிடம் ஆள் அனுப்பிப் பாக்கி கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும்? பல வருஷ நம்பிக்கை ஒரு வண்ணத்தில் போய்விடும். "பணம் வந்ததா" என்று ஒரு தனிப் பத்தி போட்டு ஆம், இல்லை என்று எழுதியிருந்தால் இந்த மனஸ்தாபம் கிடையாது.

"1,25,000/-" என்று கோடு போட்டு எழுதும் நம் ஊர்ப் பழக்கமும் இதே வகை. காசோலையில் அது பாதுகாப்பு. எக்ஸெல் கட்டத்தில் அந்தக் கோடு தொகையை எழுத்தாக மாற்றிவிடும். எழுத்தாகிவிட்ட தொகையை எக்ஸெலின் கூட்டல் கட்டளை ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகும்.

ஒரே ஊருக்கு இரண்டு பெயர்

2014 நவம்பர் 1-ந் தேதி கர்நாடகத்தில் பல ஊர்களின் பெயர்கள் மாறின. பெங்களூர் பெங்களூரு ஆயிற்று, மைசூர் மைசூரு, ஹூப்ளி ஹுப்பள்ளி, பெல்காம் பெளகாவி. பழைய பெயரும் புதுப் பெயரும் கலந்து எழுதிய தாளிலிருந்து படம் எடுத்தால், ஒரே ஊருக்கு இரண்டு தூண்கள் எழும். பெயருக்கு முன்னால் தவறி விழுந்த ஒரு வெற்றிடம்கூட இன்னொரு ஊரை உண்டாக்கிவிடும்.

தமிழில் பெயர் எழுதுவோருக்கு மேலும் ஒரு சிக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த எழுத்துருக்களில் அடித்த பெயர்கள், அந்த எழுத்துரு இருக்கும் வரைதான் தமிழ். பி.ஐ. மென்பொருளுக்கு எழுத்துரு தெரியாது. உள்ளே இருக்கும் குறிகள்தான் தெரியும். ஆகவே அவை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய வாடிக்கைக்காரர் பட்டியல்களை முதலில் அதற்கு மாற்றிக்கொள்வது அவசியம். யூனிகோடிலும் "கோலார்" என்ற சொல்லின் முதல் எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறாகப் படக்கூடும்.

பெயரை நம்பாமல் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு குறியீடு கொடுப்பதே இதற்கெல்லாம் பரிகாரம். பெயர், ஊர், மாநிலம் எல்லாம் ஒரு தனிப் பட்டியலில் ஒரே ஒரு தரம் இருக்கட்டும். விற்பனைத் தாளில் குறியீடு மட்டும் வரட்டும். நாள்வழியும் பேரேடும் தனித்தனியாக இருந்ததைப் போலத்தான் இதுவும்.

கத்தும் பிழையும் மௌனப் பிழையும்

பி.ஐ. வேலையில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. யாரோ ஒரு பத்தியின் தலைப்பைத் "தொகை" என்பதிலிருந்து "மொத்தத் தொகை" என்று மாற்றிவிட்டால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது பவர் பி.ஐ. அந்தப் பத்தியைக் காணோம் என்று சொல்லி நின்றுவிடும். கோப்பை வேறு இடத்துக்கு மாற்றினாலும் அப்படியே. இவை கத்தும் பிழைகள். எரிச்சல் தரும், ஆனால் ஏமாற்றாது.

மௌனப் பிழை வேறு. பவர் குவெரி பொதுவாக முதல் 200 வரிகளைப் பார்த்து ஒரு பத்தி எந்த வகை என்று முடிவு செய்கிறது. முதல் 200 பில்களிலும் முழு ரூபாயாகவே இருந்தால் அந்தப் பத்திக்கு முழு எண் என்று முத்திரை குத்திவிடும். 201-வது பில்லில் பைசா வந்தால் அதைப் பிழை என்று சொல்லாது. முழு ரூபாயாக்கி எடுத்துக்கொள்ளும். ஒரு பில்லில் சில பைசாக்கள். வருஷ முழுவதும் சேர்ந்தால் பேரேட்டோடு ஒத்துவராத ஒரு வித்தியாசம். கையாடல் என்று பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வகையை மென்பொருளின் ஊகத்துக்கு விடாமல் தாமே குறிப்பிட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

படம் பழையதாக இருப்பதும் ஒரு மௌனப் பிழைதான். உள்ளே இழுத்த தகவல் ஒரு நகல். எக்ஸெலில் இன்று காலை திருத்தியது, புதுப்பிக்கும் வரை திரையில் வராது. இணையத்தில் ஏற்றிய பி.ஐ. அறிக்கைக்குக் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பு தானாகத் தெரியாது. "கேட்வே" என்ற இணைப்பு வேண்டும், அல்லது கோப்பே இணையச் சேமிப்பில் இருக்க வேண்டும். கடைசியாகப் புதுப்பித்த தேதியும் நேரமும் அறிக்கையின் மேலேயே தெரியும்படி செய்துவிடுவது நல்லது.

மறைத்தது வெளியே வரும்

எக்ஸெலில் ஒரு பத்தியை மறைத்து வைக்கும் வசதி உண்டு. ஊழியர் பட்டியலில் சம்பளப் பத்தியை மறைத்துவிட்டு, ஊரும் பெயரும் மட்டும் தெரியும்படி வைத்திருப்பார்கள். மறைத்த பத்தியும் பவர் குவெரிக்குத் தெரியும். வடிகட்டி மறைத்த வரிகளும் அப்படியே உள்ளே வரும். எல்லாரும் பார்க்கும் அறிக்கைக்குள் ஒவ்வொருவர் சம்பளமும் போய்ச் சேர்ந்தால் மறுநாள் காரியாலயத்தில் அமைதி இருக்காது. தேவையற்ற பத்திகளை உள்ளே வரும் வாசலிலேயே நீக்கிவிட வேண்டும்.

தொடங்கு முன் செய்ய வேண்டியவை

இத்தனையும் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. பரிகாரங்கள் எளியவை. முதலாவதாக, பதிவுத் தாளும் பார்வைத் தாளும் வேறு வேறாக இருக்கட்டும். பதிவுத் தாளில் மேலே ஒரே ஒரு தலைப்பு வரி. இணைத்த கட்டம், மொத்தம், வெற்று வரி எதுவும் கூடாது. அழகெல்லாம் பார்வைத் தாளில் இருக்கலாம். இரண்டாவதாக, பதிவுப் பகுதியை எக்ஸெலிலேயே "டேபிள்" ஆக மாற்றிப் பெயர் கொடுத்துவிட்டால், பி.ஐ. மென்பொருள் தாள் முழுவதையும் துழாவாமல் அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். புது வரிகள் சேரும்போது டேபிளும் தானாக நீளும்.

மூன்றாவதாக, திருத்தங்களை மூலக் கோப்பில் செய்யாமல் பவர் குவெரியில் செய்ய வேண்டும். அங்கே ஒவ்வொரு திருத்தமும் படிப்படியாக எழுதி வைக்கப்படுகிறது. புதுப்பிக்கும்போதெல்லாம் அதே வரிசையில் தானாக நடக்கிறது. என்ன மாற்றினார்கள் என்ற சந்தேகம் வந்தால் படிகளைப் பார்த்துக்கொள்ளலாம். மூலத் தாள் சாட்சியாக அப்படியே இருக்கும். மாதத்துக்கு ஒரு கோப்பு இருந்தாலும் கவலையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புகள் இருந்தால், ஒரே ஃபோல்டரில் போட்டு அத்தனையையும் சேர்த்து இழுக்கலாம்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, சரிபார்ப்பு. பழைய கணக்கர்கள் ஐந்தொகை நேராகாமல் கணக்கை மூட மாட்டார்கள். அந்த நல்ல பழக்கம் இங்கே திரும்ப வர வேண்டும். எத்தனை வரிகள், தொகை மொத்தம் எவ்வளவு, முதல் தேதியும் கடைசித் தேதியும் எவை என்ற மூன்றையும் எக்ஸெலில் பார்த்துக் குறித்துக்கொண்டு, பி.ஐ. மென்பொருளிலும் அதே மூன்றைப் பார்க்க வேண்டும். வரிகள் விழுந்திருந்தால் முதல் கேள்வியில் தெரியும். மொத்த வரி நுழைந்திருந்தாலோ பைசா போயிருந்தாலோ இரண்டாவதில் தெரியும். நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் மூன்றாவது காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கருக்குக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. மென்பொருள் வந்துவிட்டதே, இனிக் கணக்கர் எதற்கு என்று நினைக்கும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். பச்சைக்கு என்ன அர்த்தம், எந்த வரி மொத்தம், எந்த வாடிக்கைக்காரர் இரண்டு பெயரில் இருக்கிறார் என்பதெல்லாம் இத்தனை நாள் அவர் மனத்திலேயே இருந்து வந்தவை. அவற்றைப் பத்திகளாகவும் குறியீடுகளாகவும் தாளில் இறக்கிவைக்க அவரால்தான் முடியும். அவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு மென்பொருளைத் தொட்டால், திரையில் வரும் படத்தை நம்பிக் கடன் கொடுக்கலாம், சரக்கு வாங்கலாம். அவரைக் கேட்காமல் தொட்டால், பருப்பு தங்கமாகத் தெரியும் நாளில் அதை எடுத்துச் சொல்லவும் கடையில் ஆள் இருக்காது.